முறிவுப் பரப்பு

உடைந்த இரண்டு முகங்களை
ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கக் கூடாது.
எங்கள் தொழிலில் முதல் விதி இதுதான்,
எல்லாரும் மீறுவதும்.
கோப்பை உடைந்தால் கை தானாகச் செய்வதைத்தான்
பொறியியலாளர்களும் செய்வார்கள்:
எடுத்து, ஊதி, சேர்த்து அழுத்தி
'பாருங்கள், சரியாய்ப் பொருந்துது' என்பார்கள்.
பொருந்தும்.
பொருந்தும்போதே உரசி அழிந்துவிடும்
ஏன் பிரிந்தது என்பது.

இருபத்தெட்டு வருடம் சிங்கப்பூரில்,
ஜன்னல் இல்லாத ஆறாம் மாடியில்,
பிளாஸ்டிக் பைகளில் நம்பர் ஒட்டி வந்தன:
டர்பைனில் கழன்ற தகடு,
யாரோ ஒருவரின் நெஞ்சுக்குள் நின்றுபோன வால்வின் கம்பி,
மேலே பேச்சிழந்த செயற்கைக்கோளுக்குக்
கீழே மிச்சமிருந்த அதே வகை ரிலே.
அதன் தகரப் பூச்சில்
யாரும் தொடாமல், தண்ணீர் ஊற்றாமல்
மயிர்போல ஒன்று முளைத்து
பக்கத்துக் கம்பியைத் தொட்டிருந்தது.
அவ்வளவுதான்.

'உடைஞ்ச சாமான் பாக்கிற வேலை' என்று
அம்மா ஊரில் சொல்லிவைத்திருந்தாள்.
'அப்ப பழைய இரும்புக் கடையா?' என்று கேட்டாளாம்
பக்கத்து வீட்டு ஞானமலர்.

கீழ்த்தளத்தில் உப்பு அறை இருந்தது.
முப்பத்தைந்து பாகை வெப்பம், ஐந்து வீத உப்பு,
ஆயிரம் மணித்தியாலம் புகாராய்த் தெளிக்க வேண்டும்.
மணிக்கு இத்தனை டொலர் என்று பில் போகும்.
நான் கல்லடிக்காரி.
எங்கள் ஜன்னல் கம்பி, அப்பாவின் சைக்கிள்,
கேற்றுப் பிணைச்சல்
எல்லாம் இதே சோதனையில் இலவசமாய்த் தோற்றவை.
சொன்னால் ரொஸ்லான் சிரிப்பான்.
ஹங்கரிலிருந்து மாதிரிகள் கொண்டுவருபவன் அவன்.

விமானச் சக்கரக் காலின் போல்ட் ஒன்று
ஓர் அதிகாலை இரண்டாய்க் கிடந்தது.
முலாம் பூசும்போது ஹைட்ரஜன் புகுந்திருக்கிறது,
சூடாக்கி வெளியேற்ற மறந்திருக்கிறார்கள்.
கற்கண்டு உடைந்தாற்போல் மணிமணியாய்ப் பிளந்திருந்தது.
பத்தொன்பது பக்கம் எழுதினேன்.
இருபதாவது மேல்மாடியிலிருந்து வந்தது:
'அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கலாம்.'
இறுக்கியது ரொஸ்லான்.
அந்த 'லாம்' போதுமாக இருந்தது,
நான் அதற்குள் ஒதுங்கி நிற்க.
கையெழுத்து என்னுடையது.

இப்போது வந்தாறுமூலையில் வாரம் மூன்று விரிவுரை.
ஒரு ஞாயிறு பின்னேரம் கிருபைராசா வந்தான்,
ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின் பார்ப்பவன்.
சுற்றும் வளையத்தைத் தாங்கிய உருக்குக் கால்
வியாழக்கிழமை முறிந்துவிட்டது.
தள்ளுவண்டியால் இடித்தது நீதான் என்கிறதாம் கொம்பனி.
சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான்.
இரண்டு துண்டு, தனித்தனியாய்,
கிழித்த எக்ஸ்ரே உறையில் சுற்றி.

"ஒட்டிப் பாக்கல்ல மெடம்."
யார் சொல்லித் தந்தது?
"ஒருத்தருமில்ல. பாக்கப் பயமா இருந்திச்சி."

லென்சுக்குக் கீழே வைத்தேன்.
பாலமீன்மடுவில் முகத்துவாரம் வெட்டிவிட்டால்
வாவி இறங்கி, நின்று, இறங்கிய இடமெல்லாம்
மணலில் வரிவரியாய்க் கிடக்குமே, அப்படி.
ஒரே இடியில் போன உருக்குக்கு வரி இராது.
இது, மூலையில், கடைசல் கத்தி விட்ட கீறலில் தொடங்கி
மாதக்கணக்காய் நடந்து வந்திருக்கிறது,
மேலே ஆட்களின் தலையைச் சுற்றி வளையம் ஓட ஓட.
ஓரத்தில் நகக்கண் அளவு சொரசொரப்பு.
அது மட்டும்தான் வியாழக்கிழமை.

இந்த முறை கடைசிப் பக்கத்தை முதலில் எழுதினேன்.
'லாம்' போடவில்லை.
ரொஸ்லானின் விலாசம் என்னிடம் இல்லை.
தேடினேன் என்றும் சொல்ல மாட்டேன்.

துண்டுகளை நான் வைத்துக்கொண்டேன்,
இரண்டு வேறு லாச்சியில்.
கிருபைராசா வாசலில் நின்று
பெட்டியைத் திருப்பிக் கேட்டான்.
கழுவ வேண்டாமாம்,
நாளைக்குக் காலமை டியூட்டி.